மின்னி மறையும் கதிருக்கு எடைக்கல்

1981 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் நன்றி நவிலல் திருநாளுக்கு மறுநாள். நியூயார்க் மாநிலம் யார்க்டவுன் ஹைட்ஸில் இருக்கும் ஐபிஎம் ஆய்வகத்துக்கு, முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை எடுத்துக்கொண்டு வந்தார் ரங்கசாமி சீனிவாசன். 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, கலிஃபோர்னியாவில் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர் அவர். ஆர்கான்-ஃபுளோரைடு எக்சைமர் லேசரின் முன்னால் இறைச்சியை வைத்தார்கள். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், ஒவ்வொன்றும் சில பத்து நானோ நொடியே நீடிக்கும் துடிப்புகளாகப் பாய்ந்தது. குருத்தெலும்பில் உளியால் செதுக்கியதுபோல் ஒரு பள்ளம் விழுந்தது. ஓரங்களில் கருகலே இல்லை. சக ஆய்வாளர் ஜேம்ஸ் வின் 532 நானோமீட்டர் பச்சை லேசரால் அதே வேலையைச் செய்து பார்த்தபோது திசு தீய்ந்து பிய்ந்தது. சாமுவேல் பிளம் என்பவரும் இருந்த இந்த மூவர் குழு, உயிர்த்திசுவைச் சுடாமல் செதுக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தது.

1983இல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலும் சீனிவாசனும் சேர்ந்து, கார்னியா எனப்படும் கண்ணின் முன்படலத்தை இந்தக் கதிரால் செதுக்கிக் காட்டினார்கள். 1995இல் பார்வைக் குறையைத் திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இதே கதிரைப் பயன்படுத்தும் லேசிக் சிகிச்சையின் பெயர் இன்று திருச்சி, மதுரைக் கண் மருத்துவமனைப் பலகைகளிலும் இருக்கிறது. சீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் 2013இல் வெள்ளை மாளிகையில் பதக்கம் அணிவித்தார் ஒபாமா.

இந்தக் கதை பல இடங்களில் சொல்லப்பட்ட கதைதான். சொல்லப்படாத பாதி ஒன்று உண்டு. ஒரு துடிப்பில் எவ்வளவு ஆற்றல் இருந்தது, அதை எந்தக் கருவி சொன்னது, அந்தக் கருவி சொன்னது சரிதான் என்று யார் சொன்னார்கள்?

கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதைக் கண் அறுவையின் கணக்கே காட்டிவிடும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 160 மில்லிஜூல் ஆற்றலோடு விழும் ஒரு துடிப்பு, கார்னியாவிலிருந்து சுமார் கால் மைக்ரோமீட்டர் ஆழத்தைச் சீவி எடுக்கும். கண்ணாடியின் பவரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதிலிருந்து எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று கணிக்க மன்னர்லின் சூத்திரம் இருக்கிறது: சீவும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் மைக்ரோமீட்டரில் ஆழம் வரும். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 பவரைத் திருத்த 60 மைக்ரோமீட்டர் ஆழம். அகன்ற கற்றை கொண்ட பழைய கருவிகளில் இது சுமார் 240 துடிப்பு.

இப்போது ஆற்றல் மானி 10 சதவீதம் அதிகமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் 160 மில்லிஜூல் என்று நம்புகிறார். உண்மையில் விழுவது 145க்குச் சற்றே அதிகம். சுமார் 50 மில்லிஜூலுக்குக் கீழே திசு சீவப்படுவதே இல்லை என்பதையும், அதற்கு மேல் ஆழம் மடக்கைக் கணக்கில்தான் கூடுகிறது என்பதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு துடிப்பும் சுமார் 8 சதவீதம் குறைவாகச் சீவும். 60 மைக்ரோமீட்டரில் சுமார் ஐந்து மைக்ரோமீட்டர் மீந்துவிடும். கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்று வந்தவருக்குக் கிட்டத்தட்ட அரை பவர் பாக்கி. அதனால்தான் சிகிச்சைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் லேசரை அடித்து, அது எவ்வளவு சீவுகிறது என்று சோதித்துப் பார்க்கும் வழக்கம் உண்டானது. அந்தச் சோதனையின் வேரைத் தேடிப்போனால் ஓர் அளவீட்டு ஆய்வகத்தின் கதவில் போய் முட்டும்.

துடிப்பாக வரும் கதிரை அளப்பதில் முதல் சிக்கல் நேரம். ஒரு லேசர் நொடிக்கு 100 துடிப்பு விடுகிறது. ஒவ்வொன்றிலும் 10 மில்லிஜூல். ஒவ்வொன்றும் 20 நானோ நொடி. சராசரித் திறன் என்று பார்த்தால் 1 வாட். சின்ன டார்ச் விளக்கின் அளவு. ஆனால் அந்த 1 வாட் நொடி முழுக்கப் பரவி வருவதில்லை. ஒரு நொடியில் லேசர் உண்மையாக எரிவது மொத்தம் 2 மைக்ரோ நொடி. அதாவது ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. எரியும் அந்தக் கணத்தில் அதன் திறன் ஐந்து லட்சம் வாட். மெதுவாக இயங்கும் ஒரு மானி இதைப் பார்த்து அமைதியாக '1 வாட்' என்று காட்டும். பொய் இல்லை. ஆனால் கார்னியாவுக்கும், சிப் தயாரிப்பில் சிலிக்கான் தட்டின் மேல் பூசிய ரசாயனப் படலத்துக்கும், உணரியின் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களுக்கும் சராசரி பற்றிய கவலை கிடையாது. அவை சந்திப்பது ஐந்து லட்சம் வாட்டை.

இரண்டாவது சிக்கல் அலைநீளம். 193 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டான் 6.4 எலக்ட்ரான் வோல்ட் சுமக்கிறது. கரிமச் சேர்மங்களின் பிணைப்புகளை நேரடியாக உடைக்க இது தாராளம். வான்கோழிக் குருத்தெலும்பு கருகாமல் செதுங்கியதற்குக் காரணம் இதுவே. அளக்கும் கருவி கெட்டுப்போவதற்கும் இதுவே காரணம். எதை அளக்கிறோமோ அது அளவுகோலைத் தின்னுகிறது. துறையின் பாதித் தலைவலி இந்த ஒரு வரியில் அடங்கும்.

மளிகைக் கடைத் தராசுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை வைக்கிறார்கள். முத்திரை வைப்பவரிடம் இருக்கும் எடைக்கல் இன்னொரு மேலான எடைக்கல்லோடு ஒப்பிடப்பட்டது. அது அதற்கும் மேலான ஒன்றோடு. ஒளிக்கு அப்படி ஓர் எடைக்கல் உண்டா? 1890களில் சுவீடனில் நுட் ஆங்ஸ்ட்ராமும் பெர்லினில் ஃபெர்டினாண்ட் கூர்ல்பாமும் தனித்தனியே ஒரு தந்திரம் செய்தார்கள். கறுப்புப் பூசிய ஒரு தகட்டில் ஒளியை விழவிட்டு, அது எவ்வளவு சூடாகிறது என்று குறித்துக்கொள்வது. பிறகு ஒளியை மறைத்துவிட்டு, அதே தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி அதே சூட்டைக் கொண்டுவருவது. செலுத்திய மின்சாரத்தை வோல்ட்டிலும் ஆம்பியரிலும் துல்லியமாக அளக்க முடியும். ஆக, ஒளியின் திறன் இவ்வளவு. ஒளியை மின்சாரத்தோடு தராசில் வைத்த இந்த வழி இன்றுவரை மாறவில்லை. 1985இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த குவின், மார்ட்டின் இருவரும் அதையே திரவ ஹீலியத்தின் குளிரில் செய்து காட்டினார்கள். அந்தக் குளிரில் செப்பின் வெப்பக் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிடும். துளி ஒளிக்கும் வெப்பநிலை சட்டென்று ஏறும். பிழை ஆயிரத்தில் சில பங்கு என்ற நிலையிலிருந்து பத்தாயிரத்தில் ஒன்று என்ற நிலைக்கு இறங்கியது.

ஆனால் அந்தக் குளிர்க் கருவி மெல்லிய, தொடர்ச்சியான கற்றைக்காகப் பிறந்தது. மில்லிவாட், மைக்ரோவாட் அதன் உலகம். எக்சைமர் லேசரை அதன்மேல் பாய்ச்ச முடியாது. துடிப்புகளுக்கு வேறு எடைக்கல் தேவைப்பட்டது.

அதைச் செய்தவர்கள் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் போல்டர் ஆய்வகத்தினர். கொலராடோ மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த இடம். 1990களில் சிப் தொழில் 248 நானோமீட்டர் கிரிப்டான்-ஃபுளோரைடு லேசருக்கு மாறிக்கொண்டிருந்தது. அடுத்து 193 வரும் என்பதும் தெரிந்திருந்தது. ஒரு தொழிற்சாலையின் மானியும் இன்னொன்றின் மானியும் ஒத்துப்போகாவிட்டால் கோடிக்கணக்கான டாலர் சரக்கு வீணாகும். அமெரிக்கச் சிப் நிறுவனங்களின் கூட்டமைப்பான செமாடெக் கைகொடுக்க, போல்டரில் புற ஊதா லேசர்களுக்கென்றே கலோரிமீட்டர்கள் உருவாயின.

கலோரிமீட்டர் என்பது அடிப்படையில் ஒளியை உள்ளே விட்டு வெளியே விடாத ஒரு குழிக்கிண்ணம். கதிர் உள்ளே நுழைந்து சுவருக்குச் சுவர் தெறித்து, கடைசியில் முழுவதும் வெப்பமாகிவிட வேண்டும். கிண்ணத்தைச் சுற்றி வெப்பநிலை மாறாத ஓர் உறை. நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான துடிப்புகளைச் சில நிமிடம் வரிசையாக உள்ளே செலுத்துவார்கள். 100 கிராம் செப்பு 10 ஜூலை உறிஞ்சினால் வெப்பநிலை கால் டிகிரிதான் ஏறும். அந்தக் கால் டிகிரியை ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழைக்குள் படிக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணம் உறையை நோக்கி வெப்பத்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் துடிப்பு நின்ற பிறகும் நெடுநேரம் காத்திருந்து, வெப்பநிலை இறங்கும் வளைவைப் பதிவுசெய்து, அதிலிருந்து கசிந்த பங்கைக் கணக்கிட்டுத் திரும்பச் சேர்ப்பார்கள். பிறகு லேசரை அணைத்துவிட்டு, கிண்ணத்தில் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் அளந்த மின்சாரத்தைச் செலுத்தி, அதே வளைவை வரவழைப்பார்கள். ஆங்ஸ்ட்ராம் செய்த அதே வேலை, நூறாண்டுக்குப் பிறகு. எல்லாக் கூட்டல் கழித்தலும் போக நிச்சயமின்மை சுமார் 1 சதவீதம். குளிர்க் கருவியோடு பார்த்தால் இது மிகச் சாதாரணம். எதை அளக்கிறார்கள் என்று பார்த்தால் சாதனை.

ஏன் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கடினம் என்பதைக் கிண்ணத்தின் உட்சுவரே சொல்லும். கண்ணுக்குத் தெரியும் ஒளி என்றால் நல்ல கறுப்புப் பூச்சு போதும். புற ஊதாத் துடிப்பின் முன்னால் பூச்சு நிற்காது. கார்னியாவைச் சீவும் அதே வேதிவினை பூச்சையும் சீவிவிடும். பறந்த தூசு ஆற்றலில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அதனால் மேற்பரப்பில் மட்டும் உறிஞ்சாமல் கதிரைத் தன் ஆழத்துக்குள் இழுத்து உறிஞ்சும் கண்ணாடி வகைகளையோ, அடியைத் தாங்கும் கடினமான பொருள்களையோ தேட வேண்டியிருக்கிறது. காற்றும் சும்மா இருப்பதில்லை. 193 நானோமீட்டரில் ஆக்சிஜன் கொஞ்சம் உறிஞ்சும். உறிஞ்சி ஓசோனாக மாறும். அந்த ஓசோன் இன்னும் கொஞ்சம் உறிஞ்சும். காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்த அளவும் ஒத்துவராததற்குக் கற்றை போகும் வழியில் இருந்த காற்றே குற்றவாளி என்று தெரியவரலாம். எனவே பாதை முழுவதும் நைட்ரஜனால் நிரப்பப்படுகிறது. குவார்ட்ஸ் ஜன்னல்கள்கூடத் துடிப்புகள் ஏற ஏறச் சற்றே நிறம் மாறி, கடத்தும் அளவை இழக்கின்றன. கால்சியம் ஃபுளோரைடு படிகம் மேல், விலையும் மேல்.

இந்த வரலாற்றில் ஒரு சோகமான கிளைக்கதை 157 நானோமீட்டர். 193க்கு அடுத்த படி அதுதான் என்று சிப் உலகம் நம்பியது. ஃபுளோரின் லேசர்கள் வந்தன. ஆக்சிஜனும் நீராவியும் பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் இருக்கக் கூடாத அறைகள் வந்தன. அளவீட்டு ஆய்வகங்களும் 157க்கான கலோரிமீட்டரைத் தயார் செய்தன. 2003இல் இன்டெல் அந்தப் பாதையைக் கைவிடுவதாக அறிவித்தது. லென்ஸுக்கும் சிலிக்கான் தட்டுக்கும் நடுவே தண்ணீரை நிரப்பி, 193 நானோமீட்டரையே இன்னும் நுணுக்கமாக வரைய வைக்கும் வழி வென்றுவிட்டது. எடைக்கல் தயார், நிறுக்க வேண்டிய சரக்குதான் சந்தைக்கு வரவில்லை. ஆனால் உழைப்பு முழுக்க வீணாகிவிடவில்லை. உணரிகள் எப்படி முதுமை அடைகின்றன என்று 157இல் கற்ற பாடங்கள் மற்ற அலைநீளங்களுக்கும் உதவின.

கலோரிமீட்டரைத் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதன் கணிப்பை வேறொரு கருவிக்கு மாற்றித் தர வேண்டும். அதற்கு ஒரு கற்றைப் பிரிப்பானை வைத்து லேசரை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு கிளை கண்காணிப்பு உணரிக்கு. இன்னொரு கிளை கலோரிமீட்டருக்கு. இரண்டின் விகிதத்தைக் குறித்துக்கொண்டு, கலோரிமீட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாடிக்கையாளரின் மானியை வைக்கிறார்கள். எக்சைமர் லேசரின் துடிப்புகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு துடிப்புகள்கூடச் சில சதவீதம் வேறுபடும். விகிதத்தை மட்டும் பார்ப்பதால் அந்தக் குதிப்பு இரண்டு பக்கமும் சேர்ந்தே வந்து கழிந்துபோகிறது. எளிய யோசனை, வேலை செய்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பிரிப்பான் எவ்வளவைத் திருப்பிவிடும் என்பது கதிரின் முனைவாக்கத்தைப் பொறுத்தது. லேசர் சூடேறி அது லேசாக மாறினால் விகிதம் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் மானி பெரும்பாலும் பைரோ மின் உணரி. லித்தியம் டான்டலேட் போன்ற படிகம் சூடானால் அதன் இரு முகங்களிலும் மின்னூட்டம் தோன்றும். வெப்பநிலை மாறும்போது மட்டுமே அது பேசும். மாறாத சூட்டைக் கண்டுகொள்ளாது. துடிப்புக்கு ஏற்ற குணம். ஒவ்வொரு துடிப்புக்கும் தனி எண் கிடைக்கும். குறைகளும் உண்டு. இந்தப் படிகங்கள் அதிர்வுக்கும் மின்னூட்டம் தருபவை. மேசையை யாராவது தட்டினால் ஒரு 'துடிப்பு' பதிவாகும். துடிப்பின் நீளம் மாறினாலும், நொடிக்கு இத்தனை என்ற வேகம் மாறினாலும் காட்டும் எண் கொஞ்சம் மாறலாம். 100 துடிப்பில் திருத்திய மானியை 1000 துடிப்பில் நம்பக் கூடாது.

இதைவிட விரைவானது, மலிவானது, உணர்வு மிக்கது சிலிக்கான் ஒளி டையோடு. ஆபத்தானதும் அதுவே. சிலிக்கான் 193 நானோமீட்டரில் ஒரு வாட் ஒளிக்கு ஏறத்தாழ 0.1 ஆம்பியர் தரும். 10 மைக்ரோஜூல் மட்டுமே உள்ள ஓர் இளைத்த துடிப்பு, 10 நானோ நொடியில் விழுகிறது என்று கொள்வோம். அந்தக் கணத்தில் திறன் 1,000 வாட். டையோடு 100 ஆம்பியர் தர வேண்டும். வெல்டிங் இயந்திரம் தரும் மின்னோட்டத்தை, கடுகளவு சிலிக்கான் துண்டிடம் கேட்கிறோம். வேறு வழியிலும் கணக்குப் போடலாம். டையோடின் மின்தேக்கம் 1 நானோஃபாரட், கொடுத்திருக்கும் மின்னழுத்தம் 5 வோல்ட் என்றால் அதனிடம் கைவசம் இருக்கும் மின்னூட்டம் 5 நானோகூலும். துடிப்பு கேட்பதோ 1,000 நானோகூலும். இருநூறு மடங்கு. உள்ளே இருக்கும் மின்புலம் சரிந்துவிடும். எலக்ட்ரான்கள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே துளைகளோடு சேர்ந்து மடியும். துடிப்பின் வடிவம் இழுபட்டு வாலாக நீளும்.

டையோடு எரிந்துபோயிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அது எரிவதில்லை. அடுத்த துடிப்புக்குள் தேறிவிடுகிறது. மீண்டும் அதே குறைந்த எண்ணைத் தருகிறது. நூறு துடிப்புக்கும் நூறு முறையும் ஒரே அளவு. நிலையாக இருப்பதால் சரியாக இருக்கிறது என்று நம்பத் தோன்றும். பரிசோதிக்க எளிய வழி, முன்னால் ஒரு வடிகட்டியை வைத்து ஒளியைச் சரிபாதியாகக் குறைத்துப் பார்ப்பது. எண்ணும் சரிபாதி ஆனால் பிழைத்தோம். பாதிக்கு மேல் நின்றால் டையோடு திணறுகிறது என்று பொருள். திணறலைத் தவிர்க்க ஒளியைத் தேய்த்த குவார்ட்ஸ் தகட்டில் சிதறடித்தோ, உட்புறம் வெண்மையான ஒருங்கிணைப்புக் கோளத்துக்குள் விட்டு ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தோ டையோடுக்குக் காட்டுகிறார்கள். கோளத்தின் வெள்ளைப் பூச்சில் அழுக்குப் படிந்தால் புற ஊதாவில் அது மெல்ல ஒளிரும். அந்த ஒளிர்வையும் டையோடு எண்ணிவிடும். ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து இன்னொன்றைக் கொண்டுவருவது இந்தத் துறையில் வாடிக்கை.

2012இல் நிஸ்ட்டின் கெய்தர்ஸ்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த யூச்சின் சோங் குழுவினர் வெளியிட்ட முறை இந்தக் குழப்பத்தில் ஒரு தெளிவைக் கொண்டுவந்தது. நொடிக்கு ஆயிரம் துடிப்பு விடும் அலைநீளம் மாற்றக்கூடிய லேசரை எடுத்துக்கொண்டு, மின்னோட்டத்தை அளக்கும் முயற்சியையே விட்டார்கள். மூடியைத் திறந்து, எத்தனை துடிப்பு வேண்டுமோ அத்தனையை விழவிட்டு, மூடிய பிறகு எடைக்கல்லாக இருக்கும் உணரி, திருத்த வேண்டிய உணரி இரண்டிலும் மொத்தம் எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்தது என்று எலக்ட்ரோமீட்டரில் ஒரே சமயத்தில் பார்ப்பது. துடிப்பின் உச்சியைத் துரத்தி ஓட வேண்டிய அவசியமே இல்லை. டையோடு திணறாத அளவுக்கு ஒளி மெலிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதுமை என்று மேலே சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். சிலிக்கான் டையோடின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டு. 6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள் அந்தப் படலத்திலும், அது சிலிக்கானைத் தொடும் எல்லையிலும் குழிகளைத் தோண்டுகின்றன. ஒளி பெற்றெடுத்த எலக்ட்ரான்கள் அக்குழிகளில் விழுந்து மாய்கின்றன. புற ஊதா சிலிக்கானுக்குள் ஆழமாகப் போவதில்லை. மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். எனவே சேதமும் வேலையும் ஒரே இடத்தில். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதே டையோடு புத்தம் புதியதுபோல் நடந்துகொள்ளும். புற ஊதாவில் மட்டும் செவிடாகிக்கொண்டே போகும். ஜெர்மனியின் தேசிய அளவீட்டு நிறுவனமான பிடிபி இதற்கு மாற்றாகப் பிளாட்டினம் சிலிசைடு பூசிய டையோடுகளைக் கொண்டுவந்தது. உணர்வு குறைவு, உறுதி அதிகம். வைரத்தாலும் உணரி செய்கிறார்கள். 225 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளி வைரத்தின் கண்ணில் படாது என்பதால் அறை வெளிச்சம் தொல்லை தராது. நிஸ்ட் விஞ்ஞானிகள் பலவகை டையோடுகளை வரிசையாக 157 நானோமீட்டர் துடிப்பின் முன் நிறுத்தி, எது எவ்வளவு தாங்குகிறது என்று சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். ஓர் உணரியை ஒருமுறை திருத்திச் சான்றிதழை மாட்டிவிட்டால் போதும் என்ற எண்ணத்துக்குப் புற ஊதாவில் இடமில்லை.

எந்தத் திடப்பொருளும் தாங்காத இடத்தில் என்ன செய்வது? ஹாம்பர்க் நகரின் டெசி ஆய்வகத்தில் 2005 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஃப்ளாஷ் என்னும் கட்டற்ற எலக்ட்ரான் லேசரில் அந்தக் கேள்வி எழுந்தது. அதன் துடிப்புகள் பத்து, நூறு ஃபெம்டோ நொடி அளவின. ஒரு நானோ நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உச்சத்திறன் கிகாவாட். அதோடு ஒவ்வொரு துடிப்பும் தன் ஆற்றலைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் எடுத்துக்கொண்டு வரும். டெசி, பிடிபி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் யோஃபே நிறுவனம் மூன்றும் சேர்ந்து கொடுத்த விடை நேர்த்தியானது: வாயு. வளிமண்டல அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்த செனான் போன்ற வாயுவின் வழியாகக் கற்றையைப் போகவிட வேண்டும். கதிர் சில அணுக்களின் எலக்ட்ரானைப் பிடுங்கும். உண்டாகும் அயனிகளை மின்புலத்தால் இழுத்து எண்ண வேண்டும். ஒரு ஃபோட்டான் ஓர் அணுவை அயனியாக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது நன்கு அறிந்த எண். வாயுவின் அழுத்தமும் வெப்பநிலையும் தெரியும். மீதி கணக்கு. வாயுவை எரிக்க முடியாது, தேய்க்க முடியாது. அடுத்த துடிப்புக்குள் புது அணுக்கள் வந்து நின்றுவிடும். கற்றையில் பெரும்பங்கு குறையாமல் கடந்துபோவதால், பின்னால் சோதனை செய்பவர் தன் வேலையை நிறுத்தவும் வேண்டாம்.

இந்த வாயு மானிக்கும் முத்திரை வேண்டுமே! பெர்லினில் பிடிபியின் சிங்க்ரோட்ரான் ஆய்வகத்தில், மெல்லிய தொடர்க் கதிரில், திருத்தப்பட்ட டையோடோடு அதை ஒப்பிடுகிறார்கள். அந்த டையோடு குளிர்க் கருவியோடு ஒப்பிடப்பட்டது. அங்கிருந்து கிகாவாட் வரை நம்பிப் போக முடிவது, ஓர் அணுவை ஒரே ஃபோட்டான் தாக்கும்வரை அயனிகளின் எண்ணிக்கை ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதால். கற்றையைக் குவித்துவிட்டால் ஒரே அணுவைப் பல ஃபோட்டான்கள் மொய்க்கும். அப்போது இந்தக் கணக்கு உடையும். அதனால் கற்றை அகலமாக இருக்கும் இடத்தில்தான் மானியை வைக்கிறார்கள்.

ஆய்வகங்களை விட்டு வெளியே வந்தால், துடிப்புப் புற ஊதாவைப் பொதுமக்கள் அதிகம் சந்திப்பது செனான் ஃப்ளாஷ் விளக்குகளில். கேமரா ஃப்ளாஷின் பெரிய அண்ணன். மருத்துவமனை அறைகளைக் கிருமி நீக்கும் இயந்திரங்களிலும் உணவுப் பொட்டலங்களின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதிலும் இவை பயன்படுகின்றன. உணவுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க விதி வைத்திருக்கும் வரம்பு தெளிவானது: 200 முதல் 1,100 நானோமீட்டர் வரையிலான செனான் ஒளி, 2 மில்லி நொடிக்கு மிகாத துடிப்பு, மொத்த அளவு சதுர சென்டிமீட்டருக்கு 12 ஜூலுக்கு மிகாமல். விதி சுலபம். அந்த 12 ஜூலை அளப்பது சுலபமில்லை. சந்தையில் கிடைக்கும் கையடக்கக் கிருமிநாசினி மானிகள் பலவும் பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒற்றைக் கோட்டில், தொடர் ஒளியில் திருத்தப்பட்டவை. அவற்றைச் செனானின் அகன்ற நிறமாலைக்கு முன்னால் நீட்டினால் வரும் எண், உணரி எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு செவிசாய்க்கும் என்பதைப் பொறுத்து எங்கோ போய் நிற்கும். இரண்டு நல்ல மானிகள் ஒரே விளக்கின் கீழ் இரண்டு விடை தருவதில் வியப்பில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

இங்கே பழைய வேதியியல் உதவிக்கு வருகிறது. புற ஊதாவை 1801இல் முதலில் கண்ட யோஹான் ரிட்டரின் உணரியே ஒரு வேதிப்பொருள்தான். ஊதாவுக்கு அப்பால் இருட்டாகத் தெரிந்த இடத்தில் சில்வர் குளோரைடு கறுத்ததை அவர் பார்த்தார். இன்றைய வேதி மானி, பொட்டாசியம் அயோடைடும் அயோடேட்டும் கலந்த நீர்க்கரைசல். 1997இல் ரொனால்ட் ரான் விவரித்தது. குறைந்த அலைநீளப் புற ஊதா பட்டால் அதில் டிரை அயோடைடு உருவாகி மஞ்சளேறும். நிறமானியில் 352 நானோமீட்டரில் அதைப் படித்தால் விழுந்த ஃபோட்டான்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஏறத்தாழ 300 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளிக்கு அது அசையாது. ஆகவே செனானின் கண்கூசும் வெள்ளை ஒளியைப் பொருட்படுத்தாமல், கிருமியைக் கொல்லும் பகுதியை மட்டும் கூட்டிச் சொல்லும். நூறு ஃப்ளாஷுக்கு மொத்தமாக ஒரு விடை தரும்; தனித்தனியாகக் கேட்டால் தராது.

கண் சிகிச்சை லேசரோ கிருமிநீக்கி விளக்கோ வாங்கும் மருத்துவமனைகள் விலைப்பட்டியலைப் படிக்கும் அதே அக்கறையோடு அளவுத்திருத்தச் சான்றிதழையும் படிக்க வேண்டும். எந்த அலைநீளத்தில் திருத்தினார்கள், துடிப்பின் நீளம் என்ன, நொடிக்கு எத்தனை துடிப்பு, எந்தத் தேதியில் என்ற நான்கு விவரமும் அதில் இருக்க வேண்டும். முதல் மூன்றும் தாங்கள் பயன்படுத்தப்போகும் கருவியோடு பொருந்த வேண்டும். '254 நானோமீட்டர், தொடர் ஒளி' என்று மட்டும் எழுதியிருக்கும் காகிதம் செனான் ஃப்ளாஷுக்குச் செல்லாது. அதைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, சரியானதைக் கேளுங்கள்.